பரபக்கமும் சுபக்கமும்: பேராசிரியர் லின்ட்ஸனின் மறுப்பு பற்றி ஒரு நோக்கு

எதிர்த்து நிற்பவரிடத்து முற்போக்காளராகிய நமக்கு இயல்பாகவே ஒரு பரிவு உண்டு. சாதியை எதிர்த்தவர்களையும் அந்நிய ஆட்சியை எதிர்த்தவர்களையும் போற்றிப் பழகியவர்கள் நாம். பெரும்பான்மையோர் ஒன்றைக் கூறும்போது தனித்து நின்று 'இல்லை' என்று சொல்பவரை உடனே வீரராகக் கொள்ளும் மனப்பாங்கு நம்மிடம் உண்டு. இப்பரிவு நல்லதே. ஆயினும் ஆராய்ச்சி இருக்கவேண்டிய இடத்தில் பரிவு வந்து அமர்ந்துகொள்ளுமாயின் அது நம்மையே ஏமாற்றிவிடும்.

சில மாதங்களுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவருக்குக் கட்டுரைப் பயிற்சிக்காகப் 'புவி வெப்பமாதல்' என்னும் பொருளைக் கொடுத்திருந்தேன். மாணவனொருவன் வழக்கத்துக்கு நேர்மாறான முடிவுடன் கட்டுரை எழுதி வந்தான். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் சொற்பொழிவைக் கைத்தொலைபேசியிற் கேட்டதாகக் கூறினான். அவர் புகழ்பெற்ற வளிமண்டல விஞ்ஞானி. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் பேராபத்து விளையும் என்ற முடிவை ஏற்காதவர். "கலிலியோவும் தனியொருவர்தானே, சேர்?" என்று அவன் கேட்டான். அதற்குள் மற்றொரு மாணவன், "அவருக்கு எண்ணெய்க் கம்பனி காசு குடுக்குது" என்று ஒரே வசனத்தில் விவாதத்தை முடித்துவைத்தான். வகுப்புச் சிரித்தது. முதல் மாணவன் முகம் வாடி அமர்ந்துவிட்டான்.

அன்று நான் தக்க விடையளிக்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. பேராசிரியர் என்ன கூறினார், அது சோதனையில் நின்றதா என்ற கேள்வியை இரு மாணவரும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை. அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. நான் பௌதிகம் கற்றவனல்லன், தமிழ் கற்றவன். எனினும் ஒரு வாதம் எவ்வாறு கட்டப்படுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்பதைப் பார்ப்பது தமிழ் கற்றவனுக்கும் உரிய தொழிலே.

அம்மாணவன் குறிப்பிட்ட பேராசிரியர் ரிச்சர்ட் லின்ட்ஸன். 1940இற் பிறந்தவர், ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்றவர், 1983 முதல் 2013 வரை மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் வளிமண்டலவியற் பேராசிரியராக இருந்தவர். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, மிக உயரத்தில் வீசும் காற்று ஏறத்தாழ 28 மாதங்களுக்கு ஒரு சுற்றாகக் கிழக்கும் மேற்குமாகத் திசை மாறிவருகிறது. இவ்விந்தைக்கு 1968இல் ஜேம்ஸ் ஹோல்ற்றனுடன் சேர்ந்து அவர் அளித்த விளக்கம் அத்துறையில் இன்றும் அடிப்படையாக விளங்குவது. 1977இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராகத் தெரிவுசெய்தது. இத்தகையவரைப் போலி விஞ்ஞானி என்று ஒதுக்குவது அறியாமையாகும்.

அவர் கூறுவதையும் திரிபின்றி அறிதல் வேண்டும். காபனீரொட்சைட்டு வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்பதை லின்ட்ஸன் மறுத்தாரல்லர். வாயுக்கள் வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை 1859இல் ரின்டல் ஆய்வுகூடத்தில் அளந்து காட்டினார். அவ்வாயுவின் அளவு இரட்டித்தால் புவியின் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்று 1896இல் அரீனியஸ் கணக்கிட்டார். இவற்றில் லின்ட்ஸனுக்குப் பிணக்கில்லை. காபனீரொட்சைட்டு இரட்டித்தால், வேறெதுவும் மாறாதிருக்குமாயின், ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வெப்பம் கூடும் என்பதையும் அவர் ஏற்கிறார்.

ஆனால் வேறெதுவும் மாறாதிருப்பதில்லை. காற்றின் வெப்பம் 1 பாகை கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். நீராவியும் வெப்பத்தைத் தடுப்பதே. ஆகவே முதல் வெப்பம் நீராவியைக் கூட்ட, கூடிய நீராவி மேலும் வெப்பத்தைக் கூட்டுகிறது. பனிப்பரப்புக் குறைவதும் முகில்கள் மாறுவதும் இதனோடு சேர்கின்றன. விஞ்ஞானிகள் இதனைப் பின்னூட்டல் என்பர். இவை யாவும் சேர்ந்து 1 பாகையை 1.5 முதல் 4.5 வரை பெருக்கும் என்று 1979இல் ஜூல் சார்ணி தலைமையிலான அமெரிக்கக் குழு மதிப்பிட்டது. லின்ட்ஸனின் மறுப்பு இந்த இடத்திலேதான் எழுகின்றது. இயற்கை அந்த 1 பாகையைப் பெருக்குவதில்லை, தணிக்கின்றது என்பது அவர் கட்சி. அது உண்மையாயின் உலகம் பதறவேண்டிய தேவையில்லை. எரிப்பதை எரித்துக்கொண்டே இருக்கலாம்.

நம் தருக்க மரபு இத்தகைய வழக்கை ஆராய ஒரு முறையை வகுத்துத் தந்திருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இரு பகுதிகளையுடையது. பிறர் கொள்கைகளை எடுத்து மறுப்பது பரபக்கம். தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். அந்நூலின் சமயக் கொள்கை நமக்கு உடன்பாடாக வேண்டியதில்லை; அதன் அமைப்பு கூறும் நியாயம் உடன்பாடானதே. பிறர் வீட்டைக் குற்றங்கூறி இடிப்பவன், தான் குடியிருக்க ஒரு வீட்டைக் கட்டிக் காட்டவும் வேண்டும். லின்ட்ஸனின் சுபக்கம் யாது? அது நின்றதா?

அவர் முதலில் நாட்டியது நீராவி பற்றியது. 1990இல் அமெரிக்க வானிலையியற் கழகத்தின் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, வெப்பம் கூடும்போது வளிமண்டலத்தின் மேற்பகுதி வரண்டுபோகக் கூடும், அதனால் நீராவியின் பின்னூட்டல் தணிப்பதாகவே அமையலாம் என்று வாதித்தது. இக்கருத்தைச் சோதிக்க இயற்கையே ஒரு களத்தை அமைத்தது. 1991 யூன் மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினற்றூபோ எரிமலை வெடித்தது. அதன் தூசியும் வாயுவும் சூரிய ஒளியை மறைக்க, உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை தாழ்ந்தது. வெப்பம் குறையும்போது மேல்வளியின் நீராவி என்னவாகும்? பெரும்பான்மையோரின் கொள்கைப்படி அதுவும் குறைதல் வேண்டும். அதனாற் குளிர்ச்சி மிகுதல் வேண்டும். செய்மதி அளவைகள் அவ்வாறே காட்டின. பிறையன் சோடனும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, நீராவியின் பெருக்கும் விளைவை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் அளந்தறிந்த குளிர்ச்சி முழுவதும் கிடைப்பதில்லை என்று நிறுவியது. முதல் தூண் இவ்வாறு சரிந்தது.

இரண்டாவது தூண் அழகானது. கண்ணிலுள்ள கதிராளி ஒளி மிகும்போது சுருங்கியும் குறையும்போது விரிந்தும் கண்ணைக் காக்கிறது. அதுபோல வெப்பவலயக் கடல் சூடேறும்போது அதன்மேலுள்ள உயர்ந்த மென்முகில்களின் பரப்புச் சுருங்குகிறது. அவ்வழியே புவியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிச் செல்கிறது. புவி தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. 2001இல் லின்ட்ஸன், சௌ, ஹூ ஆகிய மூவரும் வெளியிட்ட இக்கருதுகோள் மேற்குப் பசிபிக் சமுத்திரத்தின் முகில்களை ஜப்பானியச் செய்மதி பதிவுசெய்த தரவுகளை ஆதாரமாகக் கொண்டது.

விஞ்ஞான உலகம் இதனைப் புறக்கணித்ததா? தனியொருவரின் குரல் நெரிக்கப்பட்டதா? இல்லை. துறையின் முன்னணிச் சஞ்சிகையே அதனைப் பிரசுரித்தது; மறு ஆண்டுக்குள் பலர் அதனைச் சோதித்தனர். ஹாட்மனும் மிக்கெல்சனும், சுருங்குவதாகக் கூறப்பட்ட முகில்கள் வெப்பவலயத்துப் பெருமுகில்களோடு தொடர்பற்றவை, தொலைவில் வேறு காரணத்தால் மாறுபவை என்று காட்டினர். விண்கலத்திலிருந்து கதிர்வீச்சை நேரடியாக அளந்த மற்றொரு குழுவினர், அம்முகில்கள் ஒளியைத் தெறிக்கும் அளவும் வெப்பத்தைத் தடுக்கும் அளவும் லின்ட்ஸன் கொண்ட அளவுகளோடு பொருந்தவில்லை. விளைவு தணிப்பதன்று, சிறிதே பெருக்குவது என்று கண்டனர். லின்ட்ஸன் 2009இல் மீண்டும் முயன்றார். அவர் தெரிந்தெடுத்த காலத் துண்டங்களைச் சிறிது நகர்த்தினாலே முடிவு மாறிப்போவதை மற்றையோர் சுட்டிக் காட்டினர். அக்கட்டுரையிற் பிழைகள் இருந்தமையை லின்ட்ஸனே பின்னர் ஒப்புக்கொண்டார். அது அவருக்குப் பெருமை. திருத்திய வடிவத்தை அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகை ஏற்கவில்லை. 2011இல் அது கொரியச் சஞ்சிகையொன்றில் வெளியாகியது.

கதை அத்தோடு முடியவில்லை. 2015இல் ஜேர்மனியின் மோரிற்சனும் ஸ்ரீவன்ஸும் இக்கருத்தை மீண்டும் எடுத்து, தம்முடைய காலநிலைக் கணிப்பு மாதிரியிற் புகுத்திப் பார்த்தனர். கணிக்கப்பட்ட வெப்ப உயர்வு சற்றுக் குறைந்தது. 2 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. ஆகவே அக்கருதுகோளில் ஒரு துளி உண்மை இருக்கக் கூடும். லின்ட்ஸன் அதன்மேல் ஏற்றிய பாரத்தை அது தாங்கவில்லை. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, காபனீரொட்சைட்டு இரட்டிப்பதன் விளைவைப் பெரும்பாலும் 2.5 முதல் 4 பாகை எனவும், சிறந்த மதிப்பீடு 3 பாகை எனவும் கொள்கிறது.

சுபக்கத்தின் நிலை இது. இதில் இழிவொன்றும் இல்லை. தோற்ற கருதுகோள்களின் மேலேதான் விஞ்ஞானம் நடந்து வந்திருக்கிறது. லின்ட்ஸன் எழுப்பிய கேள்விகளால் முகில்கள் பற்றிய அறிவு கூர்மையடைந்தது என்பதையும் நன்றியோடு சொல்லலாம். நம் விமர்சனம் பிறிதோரிடத்தில் தொடங்குகிறது. ஆய்வுச் சபையிற் சுபக்கம் தளரத் தளர, சந்தையிற் பரபக்கம் ஓங்கி ஒலித்தது.

2001ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பாருங்கள். புஷ் அரசாங்கம் வேண்டியதன் பேரில் தேசிய விஞ்ஞானக் கழகம் 11 பேர் கொண்ட குழுவொன்றை அமைத்தது. லின்ட்ஸனும் அதில் ஓர் உறுப்பினர். அண்மைப் பதினாண்டுகளிற் காணப்பட்ட மாற்றங்கள் பெரும்பாலும் மனித நடவடிக்கையின் விளைவாயிருக்கக் கூடும் என்றும், இயற்கையின் பங்கும் ஓரளவு இருத்தல் கூடும் என்றும் யூன் மாதத் தொடக்கத்தில் வெளியான அறிக்கை கூறியது. சில நாட்களுள் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையில் லின்ட்ஸனின் கட்டுரை வெளிவந்தது. அவ்வறிக்கை கியோட்டோ உடன்படிக்கைக்கு ஆதரவன்று என்பது அதன் சாரம். சக விஞ்ஞானிகளுக்கு எழுதும்போது அளவைகளும் நிபந்தனைகளுமாக இருந்த ஐயம், பங்குச் சந்தை வாசகருக்கு எழுதும்போது உறுதியாக மாறிவிடுகிறது. 1996இல் அவர் எழுதிய கட்டுரையொன்று புவி வெப்பமாதல் பற்றிய கவலையை முன்னொரு காலத்து இனமேம்பாட்டு இயக்கத்தோடு ஒப்பிட்டது. 2006இல் அதே வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலில், மாற்றுக் கருத்துடையோர் அச்சுறுத்தப்படுகின்றனர் என்று முறையிட்டார். இவை ஒன்றிலேனும் முகில்கள் பற்றிய புதிய அளவையொன்று கிடைப்பதில்லை. ஒப்பனைகளும் முறையீடும் ஆதாரத்தின் ஆசனத்தில் அமர்ந்துவிட்டன. 2017இல் அமெரிக்கா ஐக்கிய நாடுகளின் காலநிலை உடன்படிக்கையிலிருந்து விலக வேண்டும் என்று ஜனாதிபதி ட்ரம்புக்கு விடுக்கப்பட்ட மனுவை முன்னின்று அனுப்பியவரும் அவரே. அவருடைய நிறுவகத்தைச் சேர்ந்த 22 விஞ்ஞானிகள் அக்கருத்து தமதன்று என்று அதே ஜனாதிபதிக்கு எழுதவேண்டியதாயிற்று.

இப்பரபக்கம் ஏன் இவ்வளவு ஓங்கி ஒலித்தது? இங்கேதான் இரண்டாவது மாணவனின் வசனம் பொருள்பெறுகிறது. எக்ஸன் கம்பனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் எரிப்பதாற் புவி வெப்பமாகும் என்று 1977இலேயே தம் முகாமையாளருக்கு எடுத்துரைத்தார். அக்கம்பனியின் விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை செய்த கணிப்புகளைப் பின்னர் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2023இல் வெளியானது. அவற்றில் 63 முதல் 83 சதவீதம் சரியாக அமைந்திருந்தன. உள்ளே உண்மை தெரிந்திருந்தது. வெளியே விற்கப்பட்டது ஐயம். 1998இல் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் ஆதரவிற் கூடியோர் வரைந்த திட்டம், காலநிலை விஞ்ஞானத்திலுள்ள நிச்சயமின்மையைச் சாதாரணப் பொதுமக்கள் மனத்திற் பதிப்பதே வெற்றியெனக் கொண்டது. புகையிலைக் கம்பனிகள் முன்னர் கையாண்ட தந்திரம் இதுவே என்பதை ஒரெஸ்கஸும் கொன்வேயும் 2010இல் எழுதிய நூல் விரிவாகக் காட்டுகிறது. லின்ட்ஸனைப் பொறுத்தவரை, எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறி அவர் ஊதியம் பெற்றதாக 1995இல் ரொஸ் கெல்ப்ஸ்பான் என்ற பத்திரிகையாளர் எழுதினார். 2015இல் மினசோட்டா மாநிலத்தில் காபனின் சமூகச் செலவு பற்றி நடந்த விசாரணையில், பீபொடி என்னும் நிலக்கரிக் கம்பனியின் சார்பிற் சாட்சியமளித்தோருள் அவரும் ஒருவர்.

இவ்வளவும் சொன்ன பின்னர் நம் அணியினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் பெற்றார் என்பதால் ஒரு கூற்றுப் பொய்யாகிவிடாது. ஒரு கருத்து எந்த வர்க்கத்துக்குப் பயன்படுகிறது என்பது, அது ஏன் பரவியது என்பதை விளக்கும். அது மெய்யா பொய்யா என்பதை விளக்காது. கதிராளிக் கருதுகோளை வீழ்த்தியவை செய்மதி அளவைகளேயன்றிக் கணக்குப் புத்தகங்கள் அல்ல. இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் பாசறையிலேயே கொடிய உதாரணம் உண்டு. சோவியத் நாட்டில் லைசென்கோ, மரபணுவியலை முதலாளித்துவ விஞ்ஞானம் என்று முத்திரை குத்தினார். 1948இல் அத்துறை உத்தியோகபூர்வமாகவே ஒடுக்கப்பட்டது. உலகின் பயிர் விதைகளைத் தேடிச் சேகரித்த மேதை வவிலோவ் அதற்கு முன்னரே, 1940இற் கைதாகி, 1943இற் சிறையில் மாண்டார். அங்கே 'இது யாருடைய விஞ்ஞானம்?' என்ற கேள்வி 'இது சரியா?' என்ற கேள்வியை விழுங்கியது. 2015இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் லின்ட்ஸன் உட்பட எழுவரின் நிதி மூலங்களைக் கேட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியபோது, புவி வெப்பமாதலை ஏற்கும் அமெரிக்க வானிலையியற் கழகமே அது ஆய்வாளரை அச்சுறுத்தும் என்று கவலை தெரிவித்தது. அக்கவலையை நாம் எள்ளி நகையாடலாகாது. முதலிற் கூற்றைச் சோதிப்போம். பின்னர் அதன் ஊற்றை விசாரிப்போம். இவ்வரிசை பிறழ்ந்தால் விமர்சனம் வசையாகிவிடும்.

இனிக் கலிலியோ. அவர் தனித்து நின்றதால் வென்றவரல்லர். 1610இல் தொலைநோக்கியில் வியாழனைச் சுற்றும் சந்திரன்களைக் கண்டார். வெள்ளி தேய்ந்து வளர்வதைக் கண்டார். பிறரும் கண்டுகொள்ளலாம் என்றார். இந்த வழக்கிலேயே அவருக்கு நெருங்கிய ஒருவரைக் காட்ட முடியும். 1938இல் கை கலண்டர் என்ற ஆங்கிலேய நீராவிப் பொறியியலாளர் லண்டனில் வேத்தியல் வானிலையியற் கழகத்தின் முன் எழுந்து நின்றார். 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் தனியொருவராகக் கையாற் கணக்கிட்டு, அரை நூற்றாண்டில் உலகம் வெப்பமடைந்துள்ளது, எரிபொருளிலிருந்து எழும் காபனீரொட்சைட்டே அதற்குக் காரணமாகலாம் என்றார். துறைசார் அறிஞர்கள் நம்பவில்லை. அன்று மாற்றுக் கருத்தாளர் அவரே! பின்னர் 1956இல் கில்பேட் பிளாஸின் கணக்குகளும், 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் கீலிங் தொடங்கிய அளவைகளும் அவர் பக்கம் வந்தன. இன்றைய பெரும்பான்மைக் கருத்து அன்றைய தனிக்குரல். ஆதாரம் சேரச் சேரப் பெரும்பான்மையானது. லின்ட்ஸனின் குரல் மறுதிசையிற் சென்றது. ஒவ்வொரு சோதனையும் அவர் பக்கத்திலிருந்து விலகியது.

கலிலியோவின் பெயரை இரவல் வாங்குவோர் மறைக்கும் இன்னொன்றும் உண்டு. ஆய்வுகூடத்தில் ஐயம் குற்றமற்றது. முடிவு நாளை வரலாம், அடுத்த ஆண்டும் வரலாம். அரசியலில் ஐயம் ஒரு செயல். 'இன்னும் தெரியவில்லை' என்று கூறும் ஒவ்வோர் ஆண்டும் உலைகள் எரிந்துகொண்டே இருக்கின்றன. லின்ட்ஸன் தம் முதல் மறுப்பை எழுதிய 1990இல் வளியில் காபனீரொட்சைட்டு பத்துலட்சத்துக்கு ஏறத்தாழ 354 பங்காக இருந்தது. 2024இல் 420ஐயும் தாண்டிவிட்டது. தாமதத்தின் இலாபம் ஒரு சாராருக்கு, விலை வேறொரு சாராருக்கு. 2022இல் பாகிஸ்தானைப் பெருவெள்ளம் மூடியபோது மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் பாதிப்புற்றனர்; 1,700க்கு மேற்பட்டோர் இறந்தனர். உலகின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் அந்நாட்டின் பங்கு 1 சதவீதமளவே. அங்கே வீடிழந்த உழவரை எந்தப் பத்திரிகையும் கட்டுரை கேட்டு அணுகவில்லை. எந்த விசாரணையும் அவரை நிபுணராக அழைக்கவில்லை.

வகுப்புக்குத் திரும்புகிறேன். மறுவாரம் முதல் மாணவனின் கட்டுரையைப் புள்ளியிடாமலே திருப்பிக் கொடுத்தேன். 'உம்முடைய பேராசிரியர் தாம் நாட்டியது எது? அதனை யார் எவ்வாறு சோதித்தனர்?' என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். இரண்டாவது மாணவனின் கொப்பியிலும் ஒரு கேள்வி எழுதினேன்: 'பணம் பெறாத ஒருவர் இதையே கூறியிருந்தால் உமது விடை என்ன?' இருவரும் நூலகத்துக்குச் சென்றனர். எதிர்ப்புக் குரலை வணங்கவும் வேண்டா, வாயடைக்கவும் வேண்டா. அதனை விசாரிக்கப் பழகுதல் வேண்டும். முற்போக்கு ஆசிரியர்களாகிய நாம் முதலில் நம்மிடமும், பின்னர் நம் மாணவரிடமும் வளர்க்க வேண்டிய பழக்கம் இதுவே.